கல்லை விட்டுப் போன காற்று

தீபாவளி நெருங்குகையில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பது வடநாட்டு நகரங்களில் நெடுநாளைய வழக்கம். வண்ணப் பூச்சுகள் பலவகையாய் மலிந்துவிட்ட இந்நாளிலும், பழைய குடியிருப்புகளின் மாடிப்படிச் சுவர்களுக்கும் முற்றத்து மதில்களுக்கும் சுண்ணாம்பு பூசுவதை இன்னும் காணலாம். கடைத்தெருவில் ‘சூனா’ என்று கேட்டு வாங்கிவரும் வெள்ளைக் கட்டிகளைத் தகரப் பீப்பாயிலிட்டு நீர் வார்த்தால், அடுப்பின்றியே நீர் கொதிக்கிறது, ஆவி எழுகிறது, கட்டி வெடித்து மாவாகிறது. வெற்றிலைப் பெட்டியைக் கண்டு வளர்ந்தவர்க்கும், ஊரில் காளவாய்ப் புகையைக் கண்டவர்க்கும் இக்காட்சி புதிதன்று. அதன் பின்னே இருக்கும் ஒரு கணக்கு மட்டும் சிலருக்குப் புதிதாக இருக்கலாம்.

மத்தியப் பிரதேசத்துக் கட்னியிலோ, ராஜஸ்தானத்து ஜோத்பூர், நாகௌர் வட்டாரங்களிலோ வெட்டியெடுத்த சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைக் காளவாயிலிட்டு நன்றாகச் சுட்டால், வெளியே வரும் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோதான். எஞ்சிய 44 கிலோ உதிர்ந்து போகவில்லை, சாம்பலாகவும் மாறவில்லை. கல்லின் உருவம்கூடப் பெரும்பாலும் கலையாமல் அப்படியே இருக்கும். கையில் எடுத்தால் மட்டும் வியக்கத்தக்கவாறு இலேசாக இருக்கும். அந்த 44 கிலோ எங்கே போயிற்று?

காற்றாய்ப் போயிற்று என்று இன்று பள்ளிச் சிறுவனும் விடை சொல்வான். இவ்விடையைக் கண்டறிய மனிதனுக்கு எத்தனை காலமாயிற்று, கண்ணுக்குப் புலனாகாத அக்காற்றை அளப்பது எப்படி, அவ்வாறு அளந்தவர் எதைத் தெரிந்துகொண்டனர் என்பனவே இப்பேச்சின் பொருள். நாம் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மைய அரசின் அலுவலகமொன்றில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கிக் காலம் கழிப்பவர். ஆகவே எடுத்தவுடன் நம்மை மறித்து நின்றது விஷயமன்று, ஒரு சொல். வெப்பத்தால் ஒரு பொருள் தன் கூறுகளாகப் பிரிவதை ‘வெப்பச் சிதைவு’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. சிதைவு என்றதும் அழிவு நினைவுக்கு வருகிறது. சுண்ணாம்புக் கல்லிலோ எதுவும் அழிவதில்லை. சேர்ந்திருந்தவை பிரிகின்றன, வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் சேர்கின்றன. ஆதலால் ‘வெப்பப் பிரிகை’ என்றே இங்குச் சொல்லுவோம்.

சுண்ணாம்புக் கல், சலவைக்கல், சீமைச் சுண்ணாம்பு, கிளிஞ்சல் ஆகிய யாவும் இரசாயன நோக்கில் பெரும்பாலும் ஒரே பொருளே. கால்சியம் என்னும் உலோகமும் கரியும் பிராணவாயுவும் சேர்ந்த கால்சியம் கார்பனேட்டு அது. இவ்வாறே தாமிரம், மக்னீசியம், துத்தநாகம், ஈயம் முதலிய உலோகங்களுக்கும் கார்பனேட்டுகள் உண்டு. போதிய அளவு சூடேற்றினால் இவை கரியமில வாயுவை வெளிவிட்டு, உலோக ஆக்ஸைடாக எஞ்சும். ஒரே வரியில் அடங்கும் இவ்வுண்மையை நிலைநாட்டியவர் ஒரு மருத்துவ மாணவர்.

ஜோசப் பிளாக் 1728-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டுப் போர்டோ நகரில் பிறந்தவர். எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றார். மூத்திரப்பையில் உண்டாகும் கல்லைக் கரைக்கச் சுண்ணாம்பு நீரைக் கொடுப்பது அக்காலத்து வைத்தியமுறைகளுள் ஒன்று. அந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சலிலிருந்து வரவேண்டுமா, கல்லிலிருந்து வரவேண்டுமா என்று அங்கிருந்த பேராசிரியர் இருவரிடையே பூசல் மூண்டிருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு உயர்ந்ததா, கற்சுண்ணாம்பு உயர்ந்ததா என்ற வாதம் நம் ஊர்த் திண்ணைகளில் மட்டும் நடந்ததன்று போலும்! இரு பெரியவர்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ள விரும்பாத இளைஞர், சுண்ணாம்பை ஒதுக்கிவிட்டு, அதனைப் பல விதத்தில் ஒத்திருந்த ‘வெள்ளை மக்னீசியா’ என்னும் பொருளை ஆராய எடுத்துக்கொண்டார். இன்று அதனை நீர் சேர்ந்த மக்னீசியம் கார்பனேட்டு வகையென்று அறிவோம். 1754-இல் பட்டத்திற்காக எழுதிய ஆய்வுரையை விரிவாக்கி 1755-இல் எடின்பரோவில் படித்தார். அது 1756-இல் அச்சேறியது.

அவருக்கு முன்னிருந்தோரின் கொள்கை வேறு. சுட்ட சுண்ணாம்பு நாவைப் புண்ணாக்குகிறது; நீர்பட்டால் கொதிக்கிறது. ஆகவே காளவாயின் நெருப்பிலிருந்து தீயின் நுண்கூறு ஒன்று கல்லுக்குள் ஏறிக்கொண்டது என்று அவர்கள் கருதினர். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. நாமும் அக்காலத்தில் இருந்திருந்தால் தலையசைத்திருப்போம். ஆனால் ஏதோவொன்று உள்ளே ஏறியிருந்தால் எடை கூடவேண்டும் அல்லவா? பிளாக் தராசை எடுத்தார்.

ஓர் அவுன்ஸ், அதாவது 480 குன்றிமணி எடையை ஒத்த 480 கிரெயின் வெள்ளை மக்னீசியாவை, தாமிரம் உருகத்தக்க வெப்பத்தில் ஒரு மணிநேரம் வைத்தார். எஞ்சியது 200 கிரெயின். பன்னிரண்டில் ஏழு பங்கு மறைந்துவிட்டது! குன்றிமணி என்றது உவமைக்காகத்தான். நம் குன்றிமணி கிரெயினைவிடக் கனமானது. மறைந்தது வெறும் நீராக இருக்குமோ என்று பார்க்க, 3 அவுன்ஸ் மக்னீசியாவை வாலை போன்ற கண்ணாடிக் கலத்திலிட்டுக் காய்ச்சி, வெளிப்பட்டதைக் குளிரவைத்துப் பிடித்தார். ஓர் அவுன்ஸுக்கு 8 டிராம். ஆகவே அவர் இட்டது 24 டிராம். அதில் பாதிக்கு மேல் எடை குறைந்தது; பிடிபட்ட நீரோ 5 டிராம்தான். மற்றது எந்தப் பாத்திரத்திலும் தங்கவில்லை. கலத்தின் இணைப்புகளினூடே அது நழுவிச் சென்றிருக்க வேண்டும். அப்படி நழுவவல்லது காற்றுத்தானே?

இத்துடன் அவர் நின்றிருந்தால் அது ஊகமாகவே இருந்திருக்கும். காய்ச்சிய மக்னீசியாவை அவர் அமிலத்தில் கரைத்தார், முன்போல் நுரைக்கவில்லை. பின்பு நுரைக்கும் இயல்புடைய காரத்தை அதனுடன் சேர்த்துப் பொருளை மீண்டும் வண்டலாக இறக்கி, கழுவி உலர்த்தி நிறுத்தார். இழந்த எடை அநேகமாகத் திரும்பி வந்திருந்தது. அமிலம் பட்டால் நுரைக்கும் குணமும் உடன் வந்தது. போனது எதுவோ அது காரத்திலிருந்து மறுபடியும் வந்து சேர்ந்தது. அப்புறம் சீமைச் சுண்ணாம்பில் 120 கிரெயின் எடுத்துச் சுட்டார். 68 கிரெயின் சுட்ட சுண்ணாம்பு கிடைத்தது. நாம் மேலே கூறிய கணக்குப்படி 67 கிரெயினுக்குச் சற்று அதிகமாக இருக்கவேண்டும். இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் கைத்தராசு காட்டிய நிறை அவ்வளவு செம்மையாய் இருந்தது. சுடாத 120 கிரெயினும், சுட்ட 68 கிரெயினும் ஏறத்தாழ ஒரே அளவு அமிலத்தையே ஏற்றன என்பதையும் அவர் குறித்துவைத்தார். அமிலத்தோடு சேரும் சுண்ணாம்பு இரண்டிலும் ஒன்றே. நெருப்பு அதனோடு எதையும் கூட்டவில்லை, அதைப் பிணித்திருந்த காற்றை ஓட்டிவிட்டது.

அந்தக் காற்றுக்கு அவர் இட்ட பெயரைத் தமிழாக்க முயன்று இரண்டு நாள் யோசித்தோம். ‘நிலைத்த காற்று’ என்பது அகராதிப் பொருளுக்கு நெருக்கம். ஆனால் கல்லுக்குள் கட்டுப்பட்டுக் கிடந்தது என்பதன்றோ அவர் கருத்து? ‘கட்டுண்ட காற்று’ என்று எழுதிக்கொண்டோம். மூச்சிலும், கரி எரியும் புகையிலும், புளிக்கும் மதுவிலும் அதே காற்று இருப்பதைச் சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போல் வெளுக்கச் செய்து பிளாக் காட்டினார். கரியமில வாயு என்று நாம் அழைப்பது அதனையே.

பிளாக் அந்த வாயுவைப் பிடித்து அளக்கவில்லை. எடைக் குறைவிலிருந்தே அதனை அறிந்தார். பிடித்து அளந்தவர் லண்டன் மாநகரத்துச் செல்வர் ஹென்றி காவெண்டிஷ். வெளிவரும் காற்றைக் குழாய்வழியே கொண்டுவந்து, நீர் நிரப்பிக் கவிழ்த்த கலத்தில் குமிழிகளாக ஏற்றிப் பிடிக்கும் உபாயத்துக்கு, ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் 1727-ஆம் ஆண்டு நூலிலேயே வழி காட்டியிருந்தார். ஆனால் கரியமில வாயு நீரில் கரையும். 15 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயுவைக் குடித்துவிடும். குடித்தது போக மிஞ்சியதை அளந்து என்ன பயன்? காவெண்டிஷ் நீருக்குப் பதிலாகப் பாதரசத்தின் மேல் வாயுவைத் தேக்கினார். 1766-இல் அதன் அடர்த்தி சாதாரணக் காற்றினுடையதைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் என்று வெளியிட்டார். பாதரசம் நஞ்சு. இன்று பள்ளிகளில் அதனைக் கையாளவேண்டிய அவசியமில்லை. கண்ணாடியாலான பெரிய பீற்றுக்குழல் ஒன்று போதும்.

இவற்றையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான், தலைநகரில் நம் அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் முகம் வாடி வந்தான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். இரசாயனத்தில் ஆய்வுத்திட்டம் ஒன்று செய்து எழுதிக் கொடுக்கவேண்டும். தாமிரக் கார்பனேட்டைச் சூடாக்கி, வெளிவரும் வாயுவை அளப்பது அவன் எடுத்துக்கொண்ட வேலை.

“மாமா, எத்தனை தடவை செய்தாலும் வாயு பாதிதான் வருகிறது. எங்கோ கசிகிறது என்கிறார் ஆசிரியர். நேரமாகிவிட்டது, கணக்குப்படி வரவேண்டிய அளவையே எழுதிவிடு என்கிறார்” என்றான்.

அவன் செய்த முறை வருமாறு. உறுதியான கண்ணாடிச் சோதனைக் குழாயில் அரை கிராம் பச்சைத் தூளை நிறுத்து இடவேண்டும். வாயைத் துளையிட்ட ரப்பர்த் தக்கையால் அடைத்து, ஒரு சிறு குழாய்வழியே பீற்றுக்குழலோடு இணைக்க வேண்டும். பீற்றுக்குழலின் பிஸ்டன் தடையின்றி நகரவேண்டும். அதனைச் சிறிது வெளியே இழுத்து விட்டால் பழைய குறிக்கே திரும்பவேண்டும். திரும்பாவிடில் எங்கேயோ கசிவு உண்டு. பின்பு மெல்லச் சூடேற்றினால், பிஸ்டன் முதலில் சிறிது நகரும். அது பிரிகையால் வந்த வாயுவன்று, குழாய்க்குள் முன்பே இருந்த காற்று சூட்டினால் விரிவது. அடுத்துத் தூள் குமுறி எழும். பச்சை நிறம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வரும். பிஸ்டன் விரைந்து நகரும். முழுதும் கறுத்து, பிஸ்டன் அசையாமல் நின்றபின் அடுப்பை அகற்றி, எல்லாம் அறையின் உஷ்ணநிலைக்கு ஆறும்வரை காத்திருந்து அளவைப் படிக்கவேண்டும். ஆறியதும் விரிந்த காற்றுப் பழைய நிலைக்குச் சுருங்கிவிடும். ஆகவே தொடக்கத்து அளவுக்கு மேல் மிஞ்சி நிற்பது தூளிலிருந்து புறப்பட்ட வாயுவே. பொறுமையின்றிச் சூட்டோடு படிப்பவர் அதிகமாகவே படிப்பார்.

பீற்றுக்குழல் இல்லாத பள்ளிகளில் நீர்த்தொட்டியும் அளவு ஜாடியும் கொண்டு செய்வார்கள். அங்கே ஒரு விபத்துக்கு இடமுண்டு. நீருக்குள் குழாய்முனை இருக்கும்போதே அடுப்பை அகற்றினால், உள்ளே வாயு சுருங்கித் தொட்டி நீரை மேலே இழுக்கும். குளிர்ந்த நீர் கொதிக்கும் கண்ணாடியில் பட்டுக் குழாய் வெடித்துச் சிதறும். முனையை முதலில் நீரிலிருந்து எடுத்துவிட்டே அடுப்பை அகற்றுதல் வேண்டும். தாமிரக் கார்பனேட்டுத் தூள் உட்கொண்டாலும் மூச்சில் ஏறினாலும் தீங்கு தரும். கண்ணாடிக் கவசமின்றி இப்பரிசோதனைக்கு அருகே செல்லலாகாது.

இனி அவனுடைய கணக்கு. புட்டியின் மேல் ‘தாமிரக் கார்பனேட்டு’ என்று எழுதியிருந்தது. பாடநூலின் குறியீட்டுப்படி அதில் 123½ கிராமைப் பிரித்தால் 44 கிராம் கரியமில வாயு வரவேண்டும். அறை உஷ்ணநிலையில் 44 கிராம் வாயு ஏறக்குறைய 24 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆகவே அரை கிராமுக்கு 97 மில்லிலிட்டர். அவனுக்குக் கிடைத்ததோ 52, 53, 54. ஒரு முறையும் 55-ஐத் தாண்டவில்லை.

கசிவு என்றால் அளவு ஒருநாள் 40, ஒருநாள் 70 என்று தாறுமாறாக வருமேயன்றி, ஐந்து முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்குமா? இதுதான் நமக்கு முதலில் தோன்றியது. இரசாயனம் அறியாதவர்க்கும் இவ்வளவு தோன்றும். “எஞ்சிய கறுப்புத் தூளை நிறுத்தாயா?” என்று கேட்டோம். பிளாக்கின் தராசு மனத்தில் ஆடிக்கொண்டிருந்ததால் வந்த கேள்வி அது. நம் அறிவுக்கூர்மையால் அன்று. அவன் நிறுக்கவில்லை.

மறுநாள் நிறுத்துக்கொண்டு வந்தான். அரை கிராமில் எஞ்சியது 0.36 கிராம். புட்டியின் பெயர் மெய்யானால் 0.32 கிராம்தான் எஞ்சவேண்டும். முழுதும் பிரியாமல் சிறிது தூள் மீந்துவிட்டதோ என்று பார்க்கக் கறுப்புத் தூளில் ஒரு சொட்டு அமிலம் விட்டானாம், நுரையே எழவில்லை. ஆக, பிரிகை முற்றுப்பெற்றிருந்தது. எடையில் குறைந்தது 0.14 கிராம். அது முழுவதும் கரியமில வாயு என்று வைத்தால் 76 மில்லிலிட்டர் வந்திருக்க வேண்டும். வந்ததோ 53. தராசு ஒன்று சொல்கிறது, பீற்றுக்குழல் வேறொன்று சொல்கிறது. வாயுவல்லாத ஏதோ ஒன்றும் தூளைவிட்டுப் போயிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

“குழாயின் மேற்பக்கத்தில் ஏதேனும் கண்டாயா?” என்றோம். சற்று யோசித்தான். “ஈரம் படிந்திருந்தது, மாமா. குழாய் சரியாக உலரவில்லை என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்!”

எடின்பரோ மாணவரின் கலத்தில் பிடிபட்ட 5 டிராம் நீரை இங்கே நேயர்கள் நினைவுகூரலாம். கடைகளில் தாமிரக் கார்பனேட்டு என்று விற்கப்படும் பச்சைத் தூள் தனிக் கார்பனேட்டு அன்று. கார்பனேட்டும் ஹைட்ராக்ஸைடும் சரிபாதியாய்க் கலந்து ஒரே பொருளாய் அமைந்தது. மலக்கைட்டு என்னும் பச்சை இரத்தினக்கல்லின் இரசாயன அமைப்பும் இதுவே. புளியிட்டுத் துலக்காமல் விட்ட செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பிலும் இவ்வினத்தைக் காணலாம். இதில் 221 கிராமைச் சூடாக்கினால் 44 கிராம் கரியமில வாயுவும் 18 கிராம் நீரும் போக, 159 கிராம் கறுப்பு ஆக்ஸைடு நிற்கும். அரை கிராமுக்குக் கணக்கிட்டால் எஞ்சுவது 0.36 கிராம், வாயு 54 மில்லிலிட்டர். பிள்ளையின் இரண்டு அளவுகளும் சரியாகப் பொருந்தின. பிழை அவனுடைய தக்கையிலும் இல்லை, குழாயிலும் இல்லை. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் இருந்தது. தனித் தாமிரக் கார்பனேட்டு என்பது எளிதில் ஆகும் பொருளே அன்று. மிகக் கடுமையான அழுத்தத்தில் அதனை முதன்முதல் உண்டாக்கியது 1973-ஆம் ஆண்டில்தான் என்றால், பள்ளி அலமாரியில் அது எப்படி இருக்கும்?

97 என்று எழுதிக்கொடுத்திருந்தால் அவனுக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும். இது ஒன்றும் தெரிந்திருக்காது. 53 என்று எழுதி, ஈரத்தைப் பற்றியும் எழுதி, சீட்டின் பிழையையும் ஒரு பத்தியில் விளக்கிக் கொடுத்தான். ஆசிரியர் இரண்டு நாள் வைத்திருந்து, தாமே ஒருமுறை செய்து பார்த்துக் கையெழுத்திட்டார் என்று கேட்டோம். மதிப்பெண் எவ்வளவு என்று நாம் விசாரிக்கவில்லை.

எல்லாக் கார்பனேட்டுகளும் இவ்வளவு இணக்கமுடையவை அல்ல. தாமிரத்தின் பச்சைத் தூள் 200 டிகிரிக்குச் சற்று மேலேயே பிரியத் தொடங்கும். சுண்ணாம்புக் கல் சுமார் 900 டிகிரியைக் கேட்கும். பேரியம் கார்பனேட்டு அதற்கும் மேலே போகும். சலவைச் சோடாவைச் சூடாக்கினால் நீர் மட்டும் ஓடும். உலர்ந்த சோடியம் கார்பனேட்டு பள்ளி அடுப்புக்கு அசையாது. ஆப்பத்துக்கும் இட்டலிக்கும் சிலர் போடும் ஆப்பச் சோடா வேறு. அது பைகார்பனேட்டு, சிறிது சூட்டிலேயே வாயுவை விடும். உலோக அயனி சிறிதாகவும் மின்னேற்றம் மிகுந்ததாகவும் இருந்தால், அது அண்டையிலுள்ள கார்பனேட்டுக் கூட்டைத் தன்பால் வலிந்து இழுத்துக் குலைக்கிறது. ஆகவே பிரிகை எளிதாகிறது. பெரிய அயனிகள் அவ்வாறு இழுப்பதில்லை. இது ஒருவாறு பொதுவிதி. தாமிரம் போன்றவற்றுக்கு இதனோடு வேறு காரணங்களும் சேரும்.

சுண்ணாம்புக் கல்லுக்கு 900 டிகிரி என்றோமே, அந்த எண்ணுக்குள்ளும் வாயுவின் அளவை ஒளிந்திருக்கிறது. மூடிய கலத்தில் கல்லைச் சூடாக்கினால், வெளிவந்த வாயு ஓர் அழுத்தத்தை எட்டியதும் பிரிகை நின்றுபோகும். மேலும் சூடேற்றினால் மேலும் சிறிது வாயு வந்து, உயர்ந்த அழுத்தத்தில் மறுபடி நிற்கும். ஒவ்வோர் உஷ்ணநிலைக்கும் ஓர் அழுத்தம் உண்டு என்பதைப் பிரெஞ்சு இரசாயனி தெப்ரே 1867-இல் அளந்து காட்டினார். அவ்வழுத்தம் நம்மைச் சூழ்ந்த வாயுமண்டலத்தின் அழுத்தத்துக்குச் சமமாகும் நிலையே ஏறக்குறைய 900 டிகிரி. வெளிவந்த வாயுவை உடனுக்குடன் காற்றோட்டம் அடித்துக்கொண்டு போனால், அதற்குக் குறைந்த சூட்டிலும் கல் பிரியும். காளவாய் நன்றாக ‘இழுக்க’ வேண்டும் என்று சுண்ணாம்பு சுடுவோர் கண்டிப்பாய் இருப்பது இதனால்தான். விறகு எரிவதற்கு மட்டுமன்று அந்த இழுப்பு. கல்லுக்குள்ளிருந்து வந்தது கல்லருகே தேங்காமல் இருப்பதற்கும் அது வேண்டும்.

இதுவரை அரை கிராமும் ஓர் அவுன்ஸும் கண்டோம். இதே பிரிகை சிமெண்டு ஆலைகளில் கோடிக்கணக்கான டன்களில் நடக்கிறது. சிமெண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் பாரதத்துக்கு உரியது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் உலையில் சுமார் 1,450 டிகிரி வரை சூடேற்றி, ‘கிளிங்கர்’ என்னும் கருங்கட்டிகளாக்கி, அவற்றை மறுபடி அரைத்தால் சிமெண்டு. கிளிங்கரில் நூற்றுக்குச் சுமார் 65 பங்கு சுண்ணாம்பு ஆக்ஸைடு. 56 பங்கு ஆக்ஸைடுக்கு 44 பங்கு வாயு என்ற பழைய கணக்கைப் போட்டால், ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு புறப்படுகிறது. உலைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதில் சேரவில்லை, அது தனி. ஒரு நாட்டின் சிமெண்டு ஆலைகள் எவ்வளவு வாயுவைக் காற்றில் விட்டன என்று கணிக்கும் அதிகாரிகள், கிளிங்கரின் எடையைத் தெரிந்துகொண்டு இந்தப் பெருக்கலைத்தான் செய்கிறார்கள்.

புவியின் வெப்பம் ஏறிவருவதற்கு எரிபொருளைக் குறை கூறுவது எளிது. சூரிய ஒளியால் உலையைச் சூடேற்றினாலும், கல்லுக்குள் கட்டுண்ட காற்று வெளியே வந்தே தீரும் என்பதுதான் சிமெண்டின் சங்கடம். மனிதர் செயலால் வெளிப்படும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டினால் என்று கணிக்கின்றனர். அதில் பாதிக்கு மேல் இந்தக் கல்லின் காற்று. வெளிவரும் வாயுவைப் பிடித்து மண்ணடியில் செலுத்த முயல்வோர் ஒருபுறம். கல்லை அவ்வளவு சுடாமலே காரியத்தை முடிக்கலாமா என்று பார்ப்போர் மற்றொருபுறம். மிதமாகச் சுட்ட களிமண்ணையும், சுடாமலே அரைத்த சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியளவுக்குக் குறைக்கும் சிமெண்டு இப்பின்னோர் வழி. ஸ்விட்ஸர்லாந்து நாட்டு அறிஞரோடு தில்லி, சென்னை, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் உள்ளோரும் அதற்கு உழைத்தார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் அதற்குத் தரக்குறிப்பும் வெளியிட்டது. சுடாத கல்லின் காற்று கல்லிலேயே தங்கிவிடுகிறது.

தீபாவளிச் சுண்ணாம்பின் கதை இதற்குச் சற்று மாறானது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. ஈரம் காய்வதோடு பூச்சு முடிந்துவிடுவதில்லை. நாட்கள் சென்று சுவர் இறுகிக் கைக்கு ஒட்டாமல் ஆவது இந்த மாற்றத்தினால். காளவாயில் பிரிந்த இரண்டும் மாடிப்படிச் சுவரில் கூடிக்கொள்கின்றன. விறகுப் புகைக்கு மட்டும் இந்தத் திரும்புதல் இல்லை. சிமெண்டுச் சுவரும் சிறிது வாயுவை வாங்கிக்கொள்ளும். ஆனால் மிகத் தாமதமாக, விட்டதில் ஒரு பகுதியை மட்டும்.

இதனைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டா. வெற்றிலைச் சுண்ணாம்பில் சிறிது எடுத்து, நீரில் கலக்கி, இரவு முழுதும் தெளியவிட்டு, மேலேயுள்ள தெளிநீரை ஒரு வாயகன்ற கிண்ணத்தில் இறுத்துத் திறந்து வையுங்கள். குழந்தைகள் கைபடாத இடமாகப் பார்த்து வையுங்கள்; கண்ணில் தெறித்தால் துன்பம். மறுநாட் காலையில் அதன்மேல் பாலாடை போன்ற ஒரு மெல்லிய ஏடு படிந்திருக்கும். விரலால் தொட்டால் நொறுங்கும். பிளாக்கும் அந்த ஏட்டைக் கவனித்திருக்கிறார்.